கடைசி வரிசைக்கு மாற்றப்பட்டவர்

வியாழன் காலை

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விமானத்தில் எனக்குக் கிடைத்தது இருபத்திரண்டாம் வரிசை, நடைபாதையை ஒட்டிய இருக்கை. சன்னலோரத்தில் டை கட்டிய ஒருவர். நடுவில் முப்பதைக் கடந்த, தோள் அகன்ற ஓர் இளைஞர். அவருடைய முழங்கை என் முழங்கையின் மேல் கிடந்தது. அது அவர் குற்றமில்லை. மலிவுக் கட்டண விமானத்தில் கைப்பிடி இரண்டு பேருக்கு ஒன்றுதான்.

2009 ஆகஸ்ட், பன்றிக் காய்ச்சல் காலம். தம்பி வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டுச் சிதம்பரம் திரும்பிக்கொண்டிருந்தேன். கிளம்புவதற்கு முந்தைய மாலை எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பைக் கவனிப்பவர் தொலைபேசியில் அழைத்தார். "பிளேன்லதானே வர்றீங்க? இந்தக் காய்ச்சல் நேரத்துல கம்பெனிக்காரங்க ஆளுங்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைக்கணுமா, வேணாமான்னு ஒரு பயணக் கட்டுரை குடுங்க. முடிவா ஏதாவது சொல்லுங்க" என்றார். சுலபமான வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

விமானத்தில் ஏறும்போது பாதிப் பேர் முகமூடி அணிந்திருந்தார்கள். வானத்தில் நிலைபெற்றதும் உணவு வண்டி வந்தது. முகமூடிகள் எல்லாம் தாடைக்கு இறங்கின. சாப்பிட்டு முடித்தபின் பலர் அவற்றைத் திரும்ப ஏற்ற மறந்துவிட்டார்கள். டைக்காரர் மட்டும் சாப்பிடவில்லை. முகமூடியின் மேல் ஒரு கைக்குட்டையையும் கட்டியிருந்தார்.

நடு இருக்கை இளைஞர் தன் பெயர் செல்வமணி என்றார். கடலூருக்கு வடக்கே தாழங்குடா, மீனவக் குடும்பம். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வண்ணம் அடிக்கும் வேலை. மூன்றரை வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் ஊருக்கு வருகிறார். தங்கை கலைவாணியைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தங்கை மகள் யாழினிக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரத்தில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும்.

"நான் போகும்போது அவ வயித்துல இருந்தா சார். போட்டோலதான் பாத்துருக்கேன். அப்பா அம்மா ரெண்டு பேரும் சுனாமில போயிட்டாங்க. கலைக்கு அம்மா வூட்டு ஆளுன்னா நான் ஒருத்தன்தான்" என்றார்.

சொல்லும்போது இருமினார். அடுத்த அரை மணி நேரத்தில் பலமுறை இருமினார். டைக்காரர் தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினார்.

வந்த பணிப்பெண் தமிழ்ப்பெண்தான். "இவரை வேற எங்கயாவது உட்கார வையுங்க. இல்லன்னா என்னை வையுங்க. டிக்கெட் வாங்கினது நோய் வாங்கறதுக்கு இல்ல" என்றார் டைக்காரர்.

"அப்படி மாத்தச் சொல்லி எங்களுக்கு உத்தரவு எதுவும் இல்லைங்க சார்."

"உத்தரவு வர்றதுக்குள்ள எனக்குக் காய்ச்சல் வந்துட்டா?"

அந்தப் பெண் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு ஒரு முகமூடியுடன் வந்து, செல்வமணியைக் கடைசி வரிசைக்கு வரச் சொன்னார். அது முழுதாகக் காலியாக இருந்தது. செல்வமணி எழுந்து போவதை முன்னும் பின்னும் இருந்தவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். "என்ன ஆச்சாம்?" என்று ஒரு பெண் கேட்பதும், "பன்னிக் காய்ச்சலாம்" என்று பின்னாலிருந்து பதில் வருவதும் காதில் விழுந்தது.

பிறகு நான் கழிப்பறைக்குப் போனபோதுதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கடைசி வரிசை கழிப்பறைகளை ஒட்டி இருந்தது. வரிசையில் நின்றவர்கள் செல்வமணியின் தலைக்கு மேலிருந்த இருக்கை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விமானத்தின் முன்பகுதியில் இருந்தவர்களைத் தவிர, ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறையாவது அவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றிருப்பார்கள். டைக்காரரும் நின்றார்.

இன்னொன்றும் உண்டு. செல்வமணிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் முழங்கை உரச உட்கார்ந்திருந்த என்னை யாரும் எங்கும் போகச் சொல்லவில்லை.

வியாழன் பகல்

சென்னை விமான நிலையத்தில் முகமூடி அணிந்த மருத்துவர்கள் மேசை போட்டிருந்தார்கள். உடல் சூட்டைக் காட்டும் கேமரா ஒன்று எங்களைப் பார்த்தபடி இருந்தது. காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். செல்வமணி இல்லை என்றார். கேமராவும் அதையே சொன்னது. அவர் வெளியே வந்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. யாருக்காக நிம்மதிப்பட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

இருவரும் ஒரே திசை என்பதால் சேர்ந்தே கிளம்பினோம். திரிசூலத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில், நான்கு ரூபாய். தாம்பரத்தில் திண்டிவனம், புதுச்சேரி வழியாகக் கடலூர் போகும் அரசுப் பேருந்து. கட்டணம் அறுபத்தைந்து ரூபாய். ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் இரண்டு பேர் உட்காரும் இருக்கைகள். ஏற்கெனவே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

செல்வமணி விமானத்தில் கொடுத்த முகமூடியைக் கழற்றவில்லை. நடத்துநர் அவரைக் கண்டதும், "என்னா தலைவரே, பன்னிக் காய்ச்சலா?" என்று பேருந்து முழுவதும் கேட்கும்படி விசாரித்தார்.

"சளிதாங்க."

"எல்லாருக்கும் மொதல்ல சளிதான்."

மூன்று பேர் இருக்கையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்கள். மூன்றாமவர் மேல்மருவத்தூர் வரைக்கும் போக வேண்டியவர். அவரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுந்தார். முழு இருக்கையும் எங்களுக்கு வந்தது. உத்தரவு இல்லை, சட்டம் இல்லை. ஆகாயத்தில் ஒரு நிறுவனம் தயங்கித் தயங்கிச் செய்ததைத் தரையில் முகமூடியே செய்து முடித்துவிட்டது.

நடத்துநர் சீட்டுக் கொடுக்கும்போது, "எனக்கும் ஒண்ணு இருந்தா குடுங்க தலைவரே. கடலூர் வரைக்கும் நானும் காலை நீட்டி உக்காந்துகினு போறேன்" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வமணியும் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

திண்டிவனம் தாண்டுவதற்குள் அவருடைய கைப்பேசி ஒலித்தது. தங்கை கணவர் முருகன். உரத்த குரல் என்பதால் எனக்கும் கேட்டது.

"மச்சான், உன்னைப் பிளேன்ல தனியா உக்கார வெச்சாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"உன்னைத் தெரிஞ்ச கிள்ளைக்காரரு ஒருத்தரு அதே பிளேன்ல வந்துருக்காரு. எறங்கினதும் வூட்டுக்குப் போன் அடிச்சுட்டாரு. அவுங்க வூட்டம்மா இங்க வந்து சொல்லிட்டுப் போவுது. உண்மையா, இல்லியா?"

"சளிடா மச்சான். பக்கத்துல ஒரு ஆளு பயந்துட்டாரு."

"சளிக்கா பிளேன்காரன் தனியா உக்கார வெப்பான்? அவன் படிச்சவன், தெரியாமச் செய்வானா?"

சளிதான் என்று மறுபடி சொல்லிச் செல்வமணி போனை வைத்தார். பணிப்பெண் ஒரு சச்சரவைத் தீர்க்கத்தான் அவரை இடம் மாற்றினார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த முடிவு மாதிரித் தெரிகிறது. வெறும் இருமல் விமானத்திலிருந்து சிதம்பரம் போயிருக்காது. கடைசி வரிசை போய்விட்டது.

புதுச்சேரியில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. நான் வாங்கி வந்த தேநீரைக் குடித்துவிட்டு, செல்வமணி வெளியே பார்த்தபடி பேசினார்.

"சார், உங்ககிட்ட மறைக்க மனசு வரல. நேத்து எனக்குக் காய்ச்சல் இருந்துச்சு. மாத்திரை போட்டுக்கிட்டுதான் ஏறுனேன்."

என் முழங்கால் தானாக நடைபாதைப் பக்கம் நகர்ந்தது. காலையிலிருந்து உடன் வந்தவனுக்கு இப்போது நகர்ந்து என்ன கிடைக்கும்? இருந்தும் அது நகர்ந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

"டிக்கெட்டை மாத்த முடியாதுன்னுட்டான். லீவையும் தள்ளித் தர மாட்டான். காய்ச்சல்னு சொன்னா ஏத்தியிருப்பானா, நீங்களே சொல்லுங்க?"

"வீட்டில் சொல்லிவிடுங்கள்" என்றேன்.

"சொல்லிக்கிறேன் சார். நானே சொல்லிக்கிறேன். ஞாயித்துக்கெழம நீங்களும் வரணும். எங்க பக்கம் ஆளே கெடையாது."

பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி, மஞ்சக்குப்பத்தில் ஒரு மருத்துவரின் பலகையைப் பார்த்ததும் அவர் இறங்கிக்கொண்டார். நான் திருப்பாப்புலியூர் பேருந்து நிலையம் போய்ச் சிதம்பரம் வண்டி பிடித்தேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், பதினாறு ரூபாய். ஒருவரும் முகமூடி அணிந்திருக்கவில்லை. என் தோளில் தலை சாய்த்து ஒருவர் புதுச்சத்திரம் வரை தூங்கினார். அவரை எழுப்பிச் சொல்வதா, விட்டுவிடுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். எனக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு, முன்னறையில் படுக்கை என்று உடனே ஏற்பாடு ஆயிற்று. மறுநாள் காலை அந்தத் தம்ளரிலேயே அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். சுட்டிக்காட்டினேன். "அடடா" என்று மீதியையும் குடித்து முடித்தார்.

சனிக்கிழமை

வெள்ளியன்று செல்வமணி பேசினார். மஞ்சக்குப்பம் மருத்துவர் பார்த்ததில், சாதாரணச் சளியாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம் என்றாராம். பரிசோதனை எல்லோருக்கும் செய்வதில்லை. மூச்சு வாங்கினால் உடனே வரச் சொல்லி, ஏழு நாள் தனியாக இருக்கச் சொல்லியிருக்கிறார். செல்வமணி தாழங்குடாவில் பூட்டிக் கிடந்த தன் வீட்டைத் திறந்து படுத்திருந்தார். பக்கத்து வீட்டார் சோற்றுப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போகிறார்களாம். "கப்பல்ல வந்த சரக்கு மாதிரி கெடக்கேன் சார்" என்றார்.

"வீட்டில் சொல்லிவிட்டீர்களா?"

"இன்னும் சொல்லல. ஞாயித்துக்கெழம நேர்ல சொல்லிக்கிறேன்."

சனிக்கிழமை முருகனைத் தேடிப் போனேன். சிதம்பரத்தில் பேருந்து நிலையத்துக்கும் ரயிலடிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆளுக்கு ஐந்து ரூபாய். உள்ளே ஆறு பேர், அவருடைய இருக்கையின் இரு பக்கமும் ஒவ்வொருவர். இடது பக்கம் நான் தொற்றிக்கொண்டேன். செல்வமணியோடு வந்தவன், அந்தப் பயணத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப் போகிறவன் என்று சொன்னதும் வண்டியைச் சற்று மெதுவாக்கினார்.

"பிளேன்ல தள்ளி உக்கார வெக்கணுமான்னு எழுதப் போறீங்களா? கண்டிப்பா வெக்கணும் சார். ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டு. காசு வாங்குறான்ல?"

"உங்கள் ஆட்டோவில்?"

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஒரு பெண்மணியின் மடியில் இன்னொரு பெண்மணியின் பை இருந்தது. அந்தப் பையின் மேல் ஒரு சேவல் இருந்தது.

"எங்க சார் தள்ளறது? தள்ளினா ரோட்டுல உழுவாங்க. எட்டுப் பேரு ஏறலேன்னா டீசலுக்கே கட்டாது."

"அப்படியானால் விமானத்துக்கும் கட்டாது அல்லவா?"

"அவன் கதை வேற சார். அவன் காசுள்ளவன்." ஒரு பள்ளத்தை ஒதுக்கி வண்டியைத் திருப்பினார். "நான் தெனம் எத்தினி பேரு கூட ஒரசிக்கினு வண்டி ஓட்டறேன்! எவனுக்கு என்னா இருக்குன்னு யாரு கண்டா? ஆனா எம் பொண்ணு விசயம்னா வேற. மச்சான் வரட்டும், சீரைக் குடுக்கட்டும், சாப்புடட்டும். மடியில வெக்க மாட்டேன். கலை நேத்துலேர்ந்து என்கூடப் பேசல."

"யார் மடியில் வைப்பீர்கள்?"

"அதான் சார் தெரியல. தேதி குறிச்சாச்சு, சொந்தக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. இந்த வருசம் உட்டா அஞ்சு வயசுலதான் குத்தணும். ஒத்தப்படையிலதான் செய்வோம்."

ரயிலடியில் இறங்கினேன். என்னிடம் ஐந்து ரூபாய் வாங்க மறுத்துவிட்டார். செல்வமணி காய்ச்சலை மறைத்து வந்தார் என்பது என் நாக்கின் நுனி வரை வந்தது. தானே சொல்வதாக அவர் சொல்லியிருந்தார். மடியில் வைக்க மாட்டேன் என்று இவரும் சொல்லிவிட்டார். பிறகு நான் எதற்கு என்று திரும்பி நடந்தேன். அது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

ஞாயிறு காலை

திருவந்திபுரம் கடலூரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் மூன்று ரூபாய். ஆவணி பிறந்து வந்த முதல் ஞாயிறு என்பதால் கெடில ஆற்றங்கரை முதல் மலைப்படி வரை கல்யாணக் கூட்டம். ஒரே சமயத்தில் பல மேளங்கள். எந்த மேளம் எந்த மாப்பிள்ளைக்கு என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பெண் வீட்டார் என்று நினைத்து வேறு யாரோ எனக்குச் சந்தனம் கொடுத்தார்கள். காய்ச்சலைப் பற்றி ஒருவரும் பேசியதாகத் தெரியவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு தகரப் பந்தலுக்குக் கீழே முருகன் குடும்பத்தார் முப்பது பேர் இருந்தார்கள். யாழினிக்கு மொட்டை முடிந்து தலையில் சந்தனம் பூசியிருந்தது. மூன்று வயதுக்கு வாயாடி. தன் தலையைத் தானே தடவிப் பார்த்து, "முடி எங்க போச்சு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்வமணி பந்தலுக்கு வெளியே, பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் முகமூடியுடன் நின்றார். அவர் காலடியில் பித்தளைத் தாம்பாளத்தில் சீர்: பட்டுப் பாவாடை, பழம், வெற்றிலை, சிங்கப்பூரில் வாங்கிய தோடு. கலைவாணி போய்த் தாம்பாளத்தை எடுத்து வந்தார். அண்ணன் கைப்பட்ட தாம்பாளம் பந்தலுக்குள் வரலாம், அண்ணன் வரக்கூடாது என்பது ஏற்பாடு. யாரும் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. நான் யோசித்தேன். சொல்லவில்லை.

காது குத்தும் பத்தர் மனையைப் போட்டுவிட்டு, "பாப்பா யாரு மடியில உக்காருது? சீக்கிரம் சொல்லுங்க. இன்னும் நாலு காது பாக்கி இருக்குது" என்றார்.

முருகன் சுற்றிலும் பார்த்தார். பார்வை என் மேல் நின்றது. "சார், நீங்க உக்காருங்க. கலைக்கு அண்ணன் மாதிரிதான் நீங்க. மச்சான்கூடவே வந்தவரு. வேற வழியில்ல" என்று என் கையைப் பிடித்து மனையருகே கொண்டுபோனார். யாரோ யாழினியைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்கள். சந்தன வாசனையோடு குழந்தையின் கை என் சட்டையைப் பற்றிவிட்டது.

நான் பின்வாங்கினேன்.

"நான்தான் விமானத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை. பேருந்திலும் கூடவே வந்தேன். எனக்கு வந்திருந்தாலும் வந்திருக்கும்" என்றேன்.

முருகன் என்னைப் பார்த்தார். "நேத்து என் ஆட்டோவுல எம்பக்கத்துலதானே உக்காந்து வந்தீங்க?"

"ஆமாம்."

"அப்போ எனக்கு?"

"இது என்னாடா இது, யாரைத்தான் தள்ளி வெக்கறது?" என்றார் ஒரு பெரியவர். அவரைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் சற்று நகர்ந்தார்கள். எங்கே நகர்வது என்று தெரியாததால் மறுபடி பழைய இடத்துக்கே வந்தார்கள்.

கலைவாணி இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினார். "கூட ஒக்காந்து வந்தவரு பந்தலுக்குள்ள வரலாம். ஊரையெல்லாம் ஏத்திக்கினு சுத்தற நீ பொண்ணைத் தூக்கலாம். எங்கண்ணனுக்கு மட்டும்தான் ஒட்டிக்குதா? பிளேன்காரன் பின்னாடி உக்கார வெச்சா அவன் ஆளே இல்லியா?" குழந்தையைப் பறித்து இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையைத் தாண்டி நடந்தார். "அண்ணே, வா. வந்து உக்காரு."

முருகன் தடுக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வா மச்சான். ஆவறது ஆவட்டும்" என்றார்.

செல்வமணி ஓரடி முன்னால் வைத்தார். முதல் முறையாக அந்தக் குழந்தையை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறார். யாழினி அவரிடமும், "முடி எங்க போச்சு?" என்று கேட்டாள். அவருடைய கை பாதி உயர்ந்தது. பிறகு அவர் வேகமாகப் பின்னால் போனார். வேப்பமரம் முதுகில் இடித்தது.

"கிட்ட வராத கலை. அங்கியே நில்லு. எனக்குக் காய்ச்சல் நெசமாவே இருக்கு. மாத்திரை போட்டு அமுக்கிக்கினுதான் பிளேன் ஏறுனேன். ராத்திரியும் சுட்டுது."

கலைவாணி நின்றுவிட்டார். "இத முன்னாடியே சொல்றதுக்கு என்னாண்ணே?"

"சொன்னா ஏத்த மாட்டான். ஏறுனப்புறம் சொன்னா எறக்கி எங்கியாவது கொண்டுபோய் வெச்சுடுவான். எறங்கினப்புறம் சொன்னா நீ அழுவ. எப்பத்தான் சொல்றது?"

இதைக் கேட்டபோது எனக்கு ஞாயிறு இணைப்பின் கேள்வி நினைவுக்கு வந்தது. இருக்கைகளைத் தள்ளிப் போட வேண்டும் என்று நான் எழுதலாம். ஆனால் உண்மையைச் சொல்பவனுக்குப் பயணமே போய்விடும் என்றிருக்கும்வரை, நோயாளி நடு இருக்கையில்தான் வந்து உட்காருவான். தேதியை மாற்றிக் கொடுத்திருந்தால் செல்வமணி வராமல் இருந்திருப்பாரா? ஐந்தாம் வயதுவரை காத்திருந்திருப்பாரா? அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"அம்மா, முகூர்த்தம் போவுது" என்றார் பத்தர்.

கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் பந்தலுக்குள் வந்தார். அண்ணன் கொண்டுவந்த பட்டுப் பாவாடையைக் குழந்தைக்கு அவசரமாகக் கட்டிவிட்டு, தானே மனையில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் இருத்தினார்.

"அம்மா மடியில குத்தற வழக்கம் கெடையாதே" என்றார் அந்தப் பெரியவர்.

"என்னா வழக்கம்? என் அம்மா வூட்டு ஆளு மடின்றதுதானே வழக்கம்? நானும் அந்த வூட்டுல பொறந்தவதான். மிச்சம் இருக்கறது ரெண்டே பேரு. ஒருத்தன் அங்க நிக்கறான், ஒருத்தி இங்க உக்காந்துருக்கேன். குத்துங்க" என்றார்.

பெரியவர் பத்தருக்கு வழிவிட்டு நகர்ந்தார்.

பத்தர் கம்பியை எடுத்ததும் யாழினி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். இரண்டு பெண்கள் பிடித்தும் நிற்கவில்லை. பத்தர் பாதைக்கு அப்பால் பார்த்து, "மாமா! அங்கேர்ந்து சத்தமாக் கூப்புடுங்க. பாப்பா உங்களைப் பாக்கட்டும்" என்று கத்தினார்.

செல்வமணி முகமூடியைத் தாடைக்கு இறக்கினார். மேளச் சத்தத்துக்கு மேல் கை தட்டிக் கூப்பிட்டார். "யாழினி! யாழினிக்குட்டி! மாமாவப் பாரு! இங்க பாரு!" குரல் உடைந்தது. இருமினார். மறுபடி கூப்பிட்டார். முப்பது பேரும் அவரையே பார்த்தார்கள். குழந்தையும் பார்த்தது. பார்த்த கணத்தில் வலது காது முடிந்தது. அலறல். அவர் மீண்டும் கூப்பிட்டார். நம்பி மீண்டும் பார்த்தாள். இடது காதும் முடிந்தது.

சாம்பார், வடை, பாயசத்துடன் சாப்பாடு. செல்வமணிக்கு மரத்தடிக்கு இலை போயிற்று. முருகன்தான் கொண்டுபோனார். இலையை வைத்துவிட்டு நான்கடி தள்ளிக் குந்திக்கொண்டு தானும் சாப்பிட்டார். இருவரும் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒருமுறை சிரித்தார்கள்.

திரும்பிய பின்

சிதம்பரத்துக்குத் திரும்பும் பேருந்தில் கட்டுரையை மனதுக்குள் மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன். கட்டாயம் இடைவெளி விட வேண்டும் என்று ஒன்று. விட்டுப் பயனில்லை என்று இன்னொன்று. மூன்றாவது என்ன என்று பேருந்து பரங்கிப்பேட்டைச் சாலைப் பிரிவைத் தாண்டுவதற்குள் மறந்துவிட்டது. எனக்குக் காய்ச்சல் வரவில்லை. முருகனுக்கும் வரவில்லை. டைக்காரருக்கு வந்ததா என்று அறிய வழியில்லை. வராததற்குக் காரணம் கடைசி வரிசையா, வெறும் சளியா, எங்கள் அதிர்ஷ்டமா என்பதையும் அறிய வழியில்லை.

வீட்டிலும் ஒன்றும் தெளியவில்லை. ஒரு தம்ளரை ஒரு நாள்கூடத் தனியாக வைத்திருக்க முடியாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை எப்படி உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு நிறுவனத்துக்கு நான் யோசனை எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்ததை மட்டும் எழுதி அனுப்பினேன். ஞாயிறு இணைப்புக்காரர் அழைத்து, "முடிவு எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

விடுப்பு முடிந்த நாளில் செல்வமணி விமான நிலையத்திலிருந்து பேசினார். காய்ச்சல் விட்டுப் பல நாள் ஆகிவிட்டது. மருத்துவர் சொன்ன நாட்களைத் தாழங்குடாவில் கழித்துவிட்டு, கடைசி மூன்று நாள் சிதம்பரத்தில் தங்கை வீட்டில் இருந்திருக்கிறார்.

"குழந்தையைத் தூக்கினீர்களா?" என்று கேட்டேன்.

"எங்க சார்! நான் 'யாழினி'ன்னு வாயத் தொறந்தாப் போதும், ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கினு ஓடிடறா. மாமா கூப்புட்டா குத்துவாங்கன்னு நெனைக்கறா."

"பிறகு?"

"பேசாம உக்காந்தேன் சார். மூணு நாளும் அவ எதிர்ல வாயே தொறக்கல. நேத்து சாயங்காலம் அவளா வந்து மடியில உக்காந்தா."

அறிவிப்பு ஒலித்தது. போக வேண்டும் என்றார்.